கருங்கண்ணி விதையைத் தொலைத்துவிடாதீர்கள்

கரிசல் காட்டு விவசாயிகளுக்குக் கருங்கண்ணிப் பருத்தியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இழை குட்டை, காய் சிறிது என்று அதை ஒதுக்கிவிட்டோம். இன்று வயல்களில் நிற்பது பெரும்பாலும் அமெரிக்க இனப் பருத்தி. இந்த இரண்டுக்கும் உள்ள உறவு தெரிந்தால், கருங்கண்ணி விதையைத் தொலைப்பது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது புரியும்.

கருங்கண்ணியில் 26 குரோமோசோம்கள். அமெரிக்கப் பருத்தியில் 52. சுமார் 10 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, கருங்கண்ணியின் உறவினமான ஒரு பருத்தியும், அமெரிக்கக் கண்டத்துக் காட்டுப் பருத்தி ஒன்றும் இயற்கையாகக் கலந்தன. குரோமோசோம்கள் இரட்டித்து, இரு பெற்றோரின் மரபணுக்களும் ஒரே செடிக்குள் சேர்ந்தன.

ஒரே கிணற்றில் இரண்டு மோட்டார் இருந்தால் என்ன ஆகும்? ஒன்று பழுதானாலும் பயிர் காயாது. அதைக் கழற்றி வேறு வேலைக்கும் மாட்டலாம். இரட்டித்த மரபணுக்களுக்கும் அதுதான் நடக்கிறது. சில அழிகின்றன, சில அடங்கிவிடுகின்றன, சில வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன, சில புது வேலைக்கு மாறுகின்றன. அந்தக் காட்டுப் பருத்தியில் நூற்கத்தக்க பஞ்சே கிடையாது. ஆனாலும் இன்றைய அமெரிக்கப் பருத்தியின் இழைத் தரத்தோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் பல, அதன் வழி வந்த பகுதியில் கண்டறியப்பட்டுள்ளன.

ஆனால், எப்போதோ நடந்த அந்தக் கலப்பில் எல்லா நல்ல குணங்களும் வந்து சேரவில்லை. வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் அமெரிக்கப் பருத்தியைப் பாழாக்கிய இலைச்சுருள் வைரஸ், கருங்கண்ணி சேர்ந்த நாட்டுப் பருத்தி இனத்தைப் பாதிப்பதில்லை. வறட்சியையும் சாறு உறிஞ்சும் பூச்சிகளையும் அது நன்றாகத் தாங்கும்.

இந்தக் குணங்களை அமெரிக்கப் பருத்திக்குக் கொண்டுபோவது எளிதல்ல. இரண்டையும் நேரடியாக ஒட்டுச் சேர்த்தால், 39 குரோமோசோம் கொண்ட மலட்டுச் செடிதான் கிடைக்கும். கால்சிசின் மருந்தால் குரோமோசோம்களை இரட்டித்து, பல தலைமுறை கலப்பு செய்ய வேண்டும். முடியும், ஆனால் அதற்கு நாட்டு விதை இருக்க வேண்டும்.

விதை வங்கியின் குளிர் அறையில் இருக்கிறதே என்பீர்கள். அங்கே அது தூங்குகிறது. மாறும் மழைக்கும் புதிய பூச்சிக்கும் ஈடுகொடுக்கப் பழகுவது வயலில்தான்.

முழு நிலத்திலும் கருங்கண்ணி போடுங்கள் என்று சொல்லவில்லை. அதன் வருமானம் எனக்கும் தெரியும். நான்கு சால் போட்டு, நல்ல செடிகளில் விதை எடுத்து வையுங்கள். மற்ற நாட்டு ரகங்களிலிருந்து தள்ளி விதையுங்கள். வேளாண் அலுவலர்கள், எந்த ஊரில் யாரிடம் விதை உள்ளது என்று குறித்து வைக்கட்டும். விதை காப்பவருக்கு அரசு ஊக்கத்தொகை தர வேண்டும். நாளைய ரகங்களுக்கான முதலை இன்று தம் செலவில் காப்பவர்கள் அவர்கள்தானே!