எல்லாருக்கும் ஒரே சீட்டா?

தூத்துக்குடியில் டயாலிசிஸில் இருக்கும் ஒருவருக்கு டாக்டர் வருசக்கணக்காகச் சொல்வது இதுதான்: தண்ணீரை அளந்து குடி, இளநீர் பக்கமே போகாதே. அதே ஆளுக்கு ரத்தசோகை என்றோ, சிறுநீரக மாற்றுக்கு முந்தைய பரிசோதனை என்றோ கொலனோஸ்கோப்பி எழுதுகிறார்கள். கையில் ஒரு ஜெராக்ஸ் தாள் வருகிறது. முந்தின நாள் நீராகாரம் மட்டும், இளநீர், ஜூஸ் நிறைய குடிக்கவும், பேதி மருந்தை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கவும்! எதைத்தான் நம்புவார் மனுஷன்?

குடல் சுத்தமாக இல்லாவிட்டால் கேமராவில் ஒன்றும் தெரியாது. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் எல்லாப் பேதி மருந்தும் ஒன்றா? பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசல் உடம்பில் அதிகம் சேராது. குடித்த தண்ணீரோடு வெளியே போய்விடும். சிறுநீரக நோயாளிக்குப் பொதுவாக அதைக் கொடுப்பது இதனால்தான். இதைச் சொல்லாமல் தாளை மட்டும் நீட்டினால், இரண்டு லிட்டரைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்திவிடுவார். குடல் சுத்தமாகாது, மறுபடி முதலிலிருந்து.

சோடியம் பாஸ்பேட் வேறு கதை. கொஞ்சம் குடித்தாலே போதும், சுலபம். ஆனால் பாஸ்பேட் ரத்தத்தில் ஏறி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகக் குழாய்களில் படிந்துவிடக்கூடும். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2005இல் இப்படி 21 பேரைப் பற்றி எழுதினார்கள். 4 பேர் நிரந்தர டயாலிசிஸுக்குப் போனார்கள். மீதி 17 பேருக்கும் நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு. மருந்து குடிக்கும் முன் இவர்களின் சராசரி கிரியாட்டினின் வெறும் 1.0! அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2008 டிசம்பரில் இந்த மருந்துக்குக் கறுப்புக் கட்ட எச்சரிக்கை போடச் சொன்னது. மக்னீசியம் கலந்த பேதி மருந்தும் ஆபத்துதான். சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் ரத்தத்திலேயே தேங்கும். இளநீரில் பொட்டாசியம். அது ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

"டாக்டருக்குத் தெரியாதா?" என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் தாளைக் கொடுப்பது டாக்டர் இல்லையே, கவுண்டர்தானே! சிறுநீரக டாக்டர் ஒரு ஆஸ்பத்திரியில், குடல் டாக்டர் இன்னொன்றில். நடுவில் நோயாளி ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்.

தனக்குச் சிறுநீரகக் கோளாறு இருப்பதே தெரியாதவர்கள் கதி? வெயிலில் உப்பு வாரும் ஊர் இது. கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் வேலை பார்க்கும் பெண்கள் உண்டு. தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்த ஓர் ஆய்வில், 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. அந்த ஜெராக்ஸ் தாளுக்கு இது தெரியுமா?

காமர்ஸ் பாஷையில் சொன்னால், இது நட்டக் கணக்கு. ஒரு பக்கம் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. மறுபக்கம் ஆயுசுக்கும் டயாலிசிஸ். முதல் செலவை மிச்சம் பிடித்து இரண்டாவதை வரவழைப்பவரைக் கணக்குத் தெரிந்தவர் என்று யார் சொல்வார்?

தாளின் முதல் வரியிலேயே கேள்வி இருக்கட்டும்: கிரியாட்டினின் எவ்வளவு? டயாலிசிஸ் எந்த நாள்? பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் என்னென்ன? வலி மாத்திரை போடுகிறீர்களா? பதிலைப் பார்த்த பிறகு டாக்டரே மருந்தின் பெயரை எழுதட்டும். கேட்கவில்லையா, நோயாளியே வாய் திறந்து சொல்லட்டும். முத்துக் குளிக்க இறங்குபவன் மேலே கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவான் என்பார்கள் இந்தக் கடற்கரையில். கயிறு யார் கையில் என்று கேட்காமல் யாரும் குதிப்பதில்லை.