எரித்த பட்டையும் எரிந்த வயிறும்

"வெள்ளைக்காரக் கம்பெனி வந்ததால்தான் வாணிபம் தழைத்தது, நாடு முன்னேறிற்று" என்று பேசும் கனவான்கள் இன்றும் உண்டு. அவர்களுக்குக் குழம்பில் போடும் பட்டையைக் கொண்டே பதில் சொல்ல விரும்புகிறோம்.

நம் கடைகளில் விற்கும் தடித்த பட்டை பெரும்பாலும் சீனா, வியட்நாம் நாடுகளின் சரக்கு. மெல்லிய சுருளாக வரும் அசல் பட்டையின் தாயகம் இலங்கை. அங்கே தமிழர் அதைக் கறுவா என்பார்கள்.

1658இல் போர்த்துக்கீசியரை விரட்டிவிட்டு டச்சுக் கம்பெனி இலங்கையின் கரையோரத்தைக் கைப்பற்றியது. காட்டில் தானாய் வளர்ந்த மரம் கம்பெனிச் சொத்தாயிற்று. அனுமதியின்றிப் பட்டை உரித்தாலும் விற்றாலும் மரண தண்டனை! சலாகம சாதியார் தலைமுறை தலைமுறையாக உரித்துக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்று அளவும் விதித்தார்கள். கொடுமை தாளாமல் கண்டி ராஜ்யத்துக்கு ஓடியவர்கள் பலர்.

இப்படிப் பறித்த சரக்கைக் கம்பெனி என்ன செய்தது? 1760 ஜூனில் ஆம்ஸ்டர்டாம் நகரில் குவித்துத் தீ வைத்தது! பிரெஞ்சு அறிஞர் ஒருவர் நேரில் கண்டு எழுதியிருக்கிறார். ஏன் எரித்தார்கள்? விலை இறங்கிவிடக் கூடாதாம்! அதே 1760இல்தான் இலங்கைக் கரையோர மக்கள் டச்சு ஆட்சியை எதிர்த்துக் கலகம் செய்தார்கள்.

பண்டம் பெருகினால் ஏழைக்கும் எட்டும் என்பது நம் கணக்கு. பண்டம் பெருகினால் லாபம் குறையும் என்பது முதலாளியின் கணக்கு. ஆலைத் தோழர்களே! "நூல் தேங்கிவிட்டது" என்று சொல்லிக் கதவடைப்பது எந்தக் கணக்கு? விவசாயத் தோழர்களே! களம் நிறைந்த ஆண்டிலும் உங்கள் கூலி உயராதது எந்தக் கணக்கு?

1796இல் டச்சுக்காரன் போனான், ஆங்கிலேயன் வந்தான். எஜமான் மாறினான், ஏகபோகம் 1833 வரை மாறவில்லை. கொழும்பில் டச்சுக்காரர் போட்ட கறுவாத்தோட்டம் இன்று செல்வந்தர் மாளிகைகள் நிற்கும் வட்டாரம். மரம் போய்ப் பெயர் மட்டும் நிற்கிறது.

ஆனால் உரிக்கும் தொழிலாளி இன்றும் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறார். மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் தேய்த்து, கத்தி நுனியால் கிழியாமல் கழற்றி, சுருளுக்குள் சுருள் செருகி நிழலில் உலர்த்துகிறார். அந்தக் கை இல்லையேல் உலகச் சந்தையில் அந்தச் சுருள் இல்லை.

வாணிபத்தை வளர்த்தது கம்பெனி அல்ல, அந்தக் கைகள்தாம். கம்பெனி வளர்த்தது தன் பணப்பெட்டியை! விளைவிப்பவன் கையில் விலையும் வரவேண்டும். அதற்காக ஒன்றுபடுவோம், போராடுவோம்!