வரி நழுவாத பக்கம்

ஒரு சிறுகதையின் தரத்துக்கும் அது இடம்பெற்றுள்ள இணையப் பக்கம் திறக்கும் வேகத்துக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. தரத்தோடு தொடர்பில்லைதான். ஆனால் அக்கதை வாசகனைச் சென்றடையுமா என்பதில் வேகத்துக்கும் ஒரு பங்குண்டு.

கூகிள் தன் தேடல் வரிசையைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்றாகப் பக்கத்தின் வேகத்தை 2010இல் சேர்த்தது. 2018இல் கைபேசித் தேடலுக்கும் அது விரிந்தது. 2021இல் மூன்று அளவைகள் வந்து சேர்ந்தன. பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் தாமதமின்றி இயங்க வேண்டும். வாசிக்கையில் எழுத்துகள் இடம்பெயரக் கூடாது. குரோம் உலாவியைப் பயன்படுத்துவோரின் கருவிகளிலிருந்தே இவ்வளவுகள் திரட்டப்படுகின்றன.

மூன்றாவதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு வாக்கியத்தில் ஆழ்ந்திருக்கிறோம். தாமதமாக வந்து சேரும் படமொன்று எழுத்துகளைக் கீழே தள்ள, வரி நழுவிவிடுகிறது. படத்தின் நீள அகலங்களை முன்பே குறித்து வைத்தால் பெரும்பாலும் இது நேராது.

உண்மையில், எழுத்தைப்போல் இலேசானது இணையத்தில் வேறில்லை. யுனிகோடில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளைவிடக் கூடுதல் இடம் பிடிப்பவை. அப்படியிருந்தும் முழுச் சிறுகதையொன்று, கைபேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தைவிட மிகச் சிறியது. பக்கத்தைக் கனக்கச் செய்பவை நாம் சேர்க்கும் அலங்காரங்களே: சுருக்கப்படாத படங்கள், தானே பாடும் இசை, எழுத்தை மறைத்து எழும் அறிவிப்புப் பெட்டிகள். கைபேசியில் அவ்வாறு மறைக்கும் பக்கங்களை 2017 முதலே கூகிள் பின்னுக்குத் தள்ளத் தொடங்கியது.

இதை மிகைப்படுத்தவும் வேண்டாம். தேடியதற்குப் பொருத்தமான உள்ளடக்கமே முதன்மை என்று கூகிளே சொல்கிறது. அரை நொடியில் திறக்கும் வெற்றுப் பக்கம் வெற்றுப் பக்கமே. ஆனால் ஒரே குறுந்தொகைப் பாடலைப் பல பக்கங்கள் தாங்கி நிற்கையில் இத்தகைய சிறு வேறுபாடுகளும் எடைபெறக்கூடும். உழைத்து உரையெழுதியவரின் பக்கம் அங்கே பின்தங்கினால் இழப்பு வாசகனுக்குத்தான்.

இலக்கியத் தளம் நடத்தும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கத்தைப் பழைய கைபேசி ஒன்றில், ஓடும் பேருந்தில் ஒருமுறை திறந்து பாருங்கள். தேடுபொறி இருக்கட்டும்; அங்கே காத்திருப்பவர் நம் வாசகர்.