பாட்டுக்குப் பணம், பாடினவளுக்கு வசை!

அமெரிக்கா தேசத்தில் லூசியானா மாகாணத்தில் கெண்ட்வுட் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் வளர்ந்த பிரிட்னி ஸ்பியர்ஸ் என்னும் பெண், தமது 17-வது வயதில், 1999-ம் வருஷம் ஜனவரி மாதம் 12-ந் தேதி தமது முதல் இசைத்தட்டுத் தொகுதியை வெளியிட்டார். அதற்கு "பேபி ஒன் மோர் டைம்" என்று பெயர். இதைப் பற்றி நாம் எழுதுவதைப் பார்த்து, "பாட்டுக்காரியின் கதை நமக்கு எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கக் கூடும்.

பாட்டு இனித்ததா புளித்ததா என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. ஒரு சிறு பெண் பாடி, அதனால் ஊரெல்லாம் பணம் பண்ணிக் கொண்டு, பிறகு அந்த ஊரே கூடி அந்தப் பெண்ணைக் குற்றவாளியாக்கி, கடைசியில் "உனக்குப் புத்தியில்லை" என்று சொல்லி அவள் சம்பாத்தியத்தையும் சுதந்திரத்தையும் 13 வருஷம் பூட்டி வைத்ததே, அந்த விஷயந்தான் நமக்கு வேண்டியது. பெண்ணைப் பெற்றவர்களும் பெண்ணுடன் பிறந்தவர்களும் இதை யோசித்துப் பார்க்க வேண்டும் என்பதே நமது ஆசை.

முதலில் அந்த இசைத்தட்டு எப்படி உண்டாயிற்று என்று பார்ப்போம். அப்பெண்ணுக்கு அந்த வேலை திடீரென்று வானத்திலிருந்து விழுந்துவிடவில்லை. சிறு வயதில் சர்ச்சில் பாடினார். 10-வது வயதில், 1992-ல், டெலிவிஷன் பாட்டுப் போட்டியில் பாடினார். பிறகு டிஸ்னி கம்பெனியாரின் பிள்ளைகள் நிகழ்ச்சியில் ஆடிப் பாடினார். 1997-ல் ஜைவ் என்ற இசைத்தட்டுக் கம்பெனி அவரை ஒப்பந்தம் செய்து கொண்டது. 1998-ல் ஊர் ஊராகப் போய்க் கடைத் தெருக் கட்டடங்களிலே நின்று, சாமான் வாங்க வந்த கூட்டத்தின் முன் பாடினார். உழைப்பு என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

அந்தத் தொகுதியின் தலைப்புப் பாட்டை எழுதியவர் ஸ்வீடன் தேசத்து மாக்ஸ் மார்ட்டின் என்பவர். டி.எல்.சி. என்ற பெண்கள் குழுவிற்கு முதலில் கொடுத்து, அவர்கள் வேண்டாமென்று தள்ளிய பிறகு அது பிரிட்னியிடம் வந்தது. மற்றப் பாட்டுகளையும் பெரும்பாலும் வயதில் மூத்த ஆண்களே எழுதினார்கள். பதிவு செய்தவர்கள், படம் பிடித்தவர்கள், விற்றவர்கள் யாவரும் பெரியவர்களே. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம்.

வெளிவந்த முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் 1,21,000 தொகுதிகள் விற்றன. அதே மாதத்தில் தனிப்பாட்டும் தொகுதியும் அந்நாட்டு விற்பனைப் பட்டியல்களில் ஒன்றாக முதல் இடத்தைப் பிடித்தன. புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு இப்படி நேர்ந்தது அதுவே முதல் தடவை. அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 40 லட்சத்திற்கு அத்தாட்சிப் பத்திரம் கொடுக்கப்பட்டிருக்கிறது. உலக முழுவதும் சேர்த்து 2 1/2 கோடி என்று கணக்குச் சொல்லுகிறார்கள்.

நிற்க, இவ்வளவு விற்ற ஒரு சரக்கைப் பற்றி உலகம் என்ன பேசிற்று? சங்கீத விமர்சகர்களில் பலர், "இது சரக்கே அல்ல, வியாபாரத் தந்திரம்" என்று மூக்கைச் சுளித்தார்கள். அதில் தவறில்லை. பாட்டைப் பாட்டென்று எடைபோட யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் பேச்சு அதோடு நிற்கவில்லை. பாட்டை விட்டுவிட்டுப் பாடினவளின் உடம்பைப் பிடித்துக் கொண்டார்கள்.

தனிப்பாட்டிற்கு எடுத்த படத்தில் அப்பெண் பள்ளிக்கூடச் சீருடையில் ஆடுகிறார். படம் பிடித்த டைரக்டர், பள்ளிக்கூடம் என்ற யோசனையைச் சொன்னதே அந்தப் பெண்தான் என்றும், உடைகளெல்லாம் மலிவுச் சரக்குக் கடையில் வாங்கியவை என்றும் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் சொன்ன யோசனை சரக்கை விற்றது. அப்போது "கெட்டிக்காரி" என்று யாரும் புகழவில்லை. கண்டனம் கிளம்பியபோது மட்டும் "எல்லாம் அவள் செய்த வேலை" என்றார்கள். பாட்டில் வந்த ஒரு கொச்சை வார்த்தை, எழுதினவர் மனதில் "கூப்பிடு" என்று பொருள்பட்டது. கேட்டவர்களில் சிலருக்கு "அடி" என்று பொருள்பட்டது. எழுதின ஸ்வீடன் தேசத்து ஆணை யாராவது தெருவில் நிறுத்தி ஒழுக்கம் போதித்தார்களா? இல்லை. 17 வயதுப் பெண்ணிடமல்லவோ நியாயம் கேட்டார்கள்?

1999 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன் என்ற பிரபல சங்கீதப் பத்திரிகை அப்பெண்ணை உள்ளாடையோடு படுக்க வைத்து, கையில் பொம்மையும் கொடுத்துப் படம் பிடித்து மேலட்டையில் போட்டது. உடனே அமெரிக்கன் ஃபேமிலி அசோசியேஷன் என்ற கிறிஸ்தவ ஒழுக்கச் சங்கத்தார், அப்பெண்ணின் இசைத்தட்டை விற்கும் கடைகளைக் கடவுள் பக்தர்கள் பகிஷ்கரிக்க வேண்டுமென்று கூப்பாடு போட்டார்கள்.

அந்தப் படத்தைப் பற்றி நமக்கும் ஆட்சேபணை உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்லி விடுகின்றோம். 18 வயது நிறையாத பெண்ணை அப்படி நிறுத்தி, அதைக் காசாக்குவது யோக்கியமான வியாபாரம் அல்ல. ஆனால் ஆட்சேபணை யார் மேல் போக வேண்டும்? காமிரா பிடித்தவர் வயது வந்த ஆண். அட்டையில் போடலாம் என்று உத்தரவு கொடுத்தவர்கள் வயது வந்தவர்கள். காசு கொடுத்து வாங்கி ஒளித்து வைத்துப் பார்த்தவர்களும் வயது வந்தவர்கள். இத்தனை பேரையும் விட்டுவிட்டு, அந்தக் கூட்டத்திலேயே வயது வராத ஒரே நபரைப் பிடித்துக் குற்றக்கூண்டில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற கதையாகவல்லவோ இருக்கிறது?

பத்திரிகைக்காரர்களின் யோக்கியதையையும் கொஞ்சம் பார்ப்போம். 10 வயதுக் குழந்தையாகப் பாடியபோதே, போட்டியை நடத்திய கிழவர் அக்குழந்தையிடம் காதலன் உண்டா என்று மேடையில் கேட்டார். பெரிய பெண்ணானதும் நெதர்லாந்து டெலிவிஷனில் ஒரு பேட்டிக்காரர் மார்பகத்தைப் பற்றி முகத்திற்கு நேரே கேட்டார். பேட்டிக்குப் பேட்டி, "நீ கன்னிதானா?" என்ற கேள்வி ஓயவே இல்லை. இதைக் கேட்டவர்களெல்லாம் ஒழுக்கத்தின் காவலர்களாம்! அதே காலத்தில் அதே மேடைகளில் பாடிய வாலிபர்களில் எத்தனை பேரிடம் இக்கேள்வி கேட்கப்பட்டது? கற்பு என்பது ஒரு நல்ல குணமானால் அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாயிருக்க வேண்டும். பெண்ணிடம் மட்டும் சோதித்துப் பார்க்கும் குணத்திற்குக் கற்பு என்று பெயரில்லை, அடிமைச் சீட்டு என்றே பெயர்.

இந்த வெறி எவ்வளவு தூரம் போயிற்றென்றால், 2003-ல் மேரிலாண்டு மாகாண கவர்னரின் மனைவியார், இப்பெண்ணைச் சுட ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் சுட்டுவிடுவேன் போலிருக்கிறது என்ற கருத்தில் ஒரு பொதுக் கூட்டத்தில் பேசினார். அது என்ன கூட்டம் தெரியுமா? குடும்பங்களில் பெண்கள் அடிபடுவதைத் தடுப்பதற்காகக் கூடிய கூட்டம்! பிறகு அது வாய் தவறி வந்த பேச்சென்று சமாதானம் சொல்லப்பட்டது. வாய் தவறுவதும் பெண்ணின் மேல்தான் தவறுகிறது.

"அவள்தான் கோடி கோடியாகச் சம்பாதித்தாளே, அவளுக்கென்ன குறை?" என்று சிலர் கேட்கலாம். இந்தக் கேள்விக்குப் பின்னால் நடந்த சங்கதியே பதில் சொல்லுகிறது. படம் பிடிப்பவர்கள் இராப் பகலாக வண்டிகளில் துரத்தினார்கள். மண முறிவும் குழந்தைகளைப் பற்றிய வழக்கும் சேர்ந்து வாட்டின. 2007-ல் அவர் தலையை மொட்டையடித்துக் கொண்டார். அதையும் படம் பிடித்து விற்றார்கள். 2008 பிப்ரவரி 1-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் கோர்ட்டார் அவரது உடம்பையும் சொத்தையும் பார்த்துக் கொள்ளக் காவலர் நியமித்தார்கள். தகப்பனாரே காவலர். சொத்துக்கு அவரோடு ஒரு வக்கீலும் சேர்ந்தார். தற்காலிகம் என்று வந்த உத்தரவு அவ்வருஷக் கடைசியிலேயே நிரந்தரமாக்கப்பட்டது.

தோழர்களே! இந்தக் காவல் சட்டம் யாருக்காக ஏற்பட்டது? தன்னைத் தானே பார்த்துக் கொள்ளச் சக்தியற்ற வயோதிகர்களுக்கும் தீராத நோயாளிகளுக்கும் ஏற்பட்டது. ஆனால் "சக்தியற்றவள்" என்று தீர்ப்பான இந்தப் பெண் அந்த வருஷமே புது இசைத்தட்டு வெளியிட்டார். மறு வருஷம் தேசம் தேசமாகச் சென்று பாடினார். 2013 முதல் 2017 வரை லாஸ் வேகஸ் நகரில் ஓயாமல் மேடை ஏறினார். ஆயிரக்கணக்கான ஜனங்களின் முன் ஆடிப் பாடப் புத்தியுண்டு, தன் பணத்தைச் செலவழிக்கப் புத்தியில்லை! காவலருக்குச் சம்பளம் அவள் பணத்திலிருந்து. காவலரின் வக்கீலுக்குக் கூலியும் அவள் பணத்திலிருந்து. தனக்கு ஒரு வக்கீலைத் தானே வைத்துக் கொள்ள மட்டும் அவளுக்கு உரிமையில்லை. உழுகிற மாட்டுக்கு வாய்ப்பூட்டு, களத்து மேட்டில் நிற்பவனுக்கு நெல் என்பது இதுதான்.

2021 ஜூன் 23-ந் தேதி அப்பெண் கோர்ட்டில் வாய் திறந்தார். தன் இஷ்டத்திற்கு விரோதமாக வேலை வாங்கப்பட்டதாகவும், மருந்து கொடுக்கப்பட்டதாகவும், இன்னொரு குழந்தை பெற விரும்பியும் கர்ப்பத்தடைச் சாதனத்தை எடுத்துவிட அனுமதிக்கப்படவில்லை என்றும் சொன்னார். தகப்பனார் தாம் மகளின் நன்மைக்கே செய்ததாகச் சொல்லிக் குற்றத்தை மறுத்தார். அடுத்த மாதம் அவர் தாமே வக்கீலைத் தெரிந்தெடுக்க அனுமதி கிடைத்தது. செப்டம்பர் 29-ல் தகப்பனார் காவலிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். நவம்பர் 12-ல் காவலே ரத்தாயிற்று. காவலில் உள்ளவர்கள் தங்கள் வக்கீலைத் தாங்களே வைத்துக் கொள்ளலாம் என்று அவ்வருஷமே கலிபோர்னியாவில் சட்டமும் வந்தது. ஒரு பெண் தைரியமாய்ப் பேசியதால் பேச வாயில்லாத பலருக்கு வழி பிறந்தது.

முதல் இசைத்தட்டிற்கும் இந்தக் காவலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நெருங்கிய சம்பந்தம் இருக்கிறதென்று சொல்லுவோம். 1999-ல் உலகம் அப்பெண்ணைப் பார்த்து, "இது நீ செய்த வேலையல்ல, கம்பெனிக்காரன் ஆட்டிவைத்த பொம்மை நீ" என்றது. அதே வாயால், "ஒழுக்கம் கெட்டதற்கு நீதான் ஜவாப்தாரி" என்றும் சொல்லிற்று. புகழ் வரும்போது அவள் பொம்மை; பழி வரும்போது அவள் முழு மனுஷி. இப்படி ஒருத்தியைப் பத்து வருஷம் பொம்மை என்றே சொல்லிப் பழகிவிட்ட உலகம், அவளைச் சாவி கொடுத்துப் பெட்டியில் பூட்டி வைத்தபோது ஆச்சரியப்படவில்லை. "அவளுக்கு நல்லதுதான்" என்று அன்று பத்திரிகைகளில் பலவும் தலையை ஆட்டின. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையை நாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோமல்லவா?

ஆகவே நாம் சொல்லுவது சுருக்கமானது. பாட்டுப் பிடிக்கவில்லையானால் பாட்டைக் குறை கூறுங்கள். வியாபாரம் அயோக்கியமானதென்றால் வியாபாரியின் மடியைப் பிடியுங்கள். பாடினவளின் கன்னித்தன்மை எந்தச் சங்கீத சாஸ்திரத்திலும் ராகமுமல்ல, தாளமுமல்ல.

வேலை செய்யவும் சம்பாதிக்கவும் தகுதி உடையவளாக ஒரு பெண்ணை ஒப்புக் கொண்டால், அந்தச் சம்பாத்தியத்தை ஆளவும் அவளைத் தகுதியுடையவளாக ஒப்புக் கொள்ள வேண்டும். பெண்ணுக்குக் காவல் வேண்டும் என்று யாராவது அன்போடு சொல்லிக் கொண்டு வந்தால், சாவி யார் மடியில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். உங்கள் வீட்டிலும் அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக் கொள்ளுங்கள்.