சுவர்ப்பூவுக்குக் காவிரி நீர் எதற்கு?

2024 மார்ச்சில் பெங்களூர் குடிநீர் வாரியம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. குடிநீரைக் கொண்டு கார் கழுவினாலோ, தோட்டத்துக்குப் பாய்ச்சினாலோ 5,000 ரூபாய் அபராதம் என்றது அந்த உத்தரவு. அந்தக் கோடையில் நகரின் ஆழ்குழாய்க் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வறண்டு போயிருந்தன. 2025 பிப்ரவரியில் அதே தடை மீண்டும் வந்தது. வீட்டு வாசலில் நான்கு தொட்டி வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுக் கலங்கியதில் வியப்பில்லை. செடி வளர்ப்பதே குற்றமாகிவிட்டதா என்று கேட்டவர்களும் உண்டு.

குற்றம் செடியிடம் இல்லை. தண்ணீர் ஊற்றுகிற கையிடம் இருக்கிறது. ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, மூன்று கட்டங்களாக 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டு வரப்படும் காவிரி நீர் இது. இந்த நீருக்காக இரு மாநிலங்கள் நூறாண்டுக்கு மேலாக வழக்காடியிருக்கின்றன. அதை, தண்ணீரே அதிகம் கேட்காத ஒரு செடியின் வேரில் காலையும் மாலையும் கொட்டி, அந்தச் செடியையும் அழுக வைக்கிறோம் என்றால் அதை என்னவென்று சொல்வது? சுவர்ப்பூவின் கதை இதற்கு நல்ல உதாரணம்.

வால்பிளவர் என்பது இதன் ஆங்கிலப் பெயர். 'வால்' என்றால் சுவர். குரங்கின் வால் அல்ல. கிரீஸ் முதலிய தென் ஐரோப்பியப் பகுதிகளைச் சேர்ந்த இந்தச் செடி, ஐரோப்பாவெங்கும் பழைய கோட்டைகளின் மதில்களிலும் இடிந்த மடங்களின் சுவர்களிலும், கற்களுக்கு இடையே உள்ள சுண்ணாம்புக் காரையில் வேர்விட்டுப் பூக்கும். அதனால் வந்த பெயர் இது. நம் ஊர்ச் சுவரில் அரசங்கன்று முளைப்பது போல என்று வைத்துக் கொள்ளலாம். ஆனால் அரசு சுவரைப் பிளக்கும், இது பிளக்காது. மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம், அடர் சிவப்பு என்று நான்கு இதழ்களோடு கொத்துக் கொத்தாகப் பூக்கும். நல்ல மணம் உண்டு. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோசு, நூல்கோல் எல்லாம் இதற்குப் பங்காளிகள். நாலு இதழ் கடுகுப் பூவைப் பார்த்தவர்களுக்கு இந்த உறவு உடனே விளங்கிவிடும்.

ஆக, காரையின் இடுக்கில், மண்ணே இல்லாத இடத்தில், மழை பெய்தால் குடித்துப் பெய்யாவிட்டால் பொறுத்துப் பிழைக்கும் செடி இது. அதைத்தான் இங்கே பிளாஸ்டிக் தொட்டியில், தேங்காய் நார்த்தூளில் புதைத்து, தினம் இரண்டு வேளை குளிப்பாட்டுகிறார்கள். ஒரு மாதத்தில் அடித்தண்டு கறுத்துச் சாய்கிறது. 'பெங்களூர் மாறிவிட்டது, வெயில் தாங்கவில்லை' என்று பழி வெயில் மேல் விழுகிறது.

வெயில் மேலும் கொஞ்சம் குறை உண்டுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. சுவர்ப்பூவின் சாதாரண வகைகள் இரண்டாண்டுப் பயிர். முதலாண்டு இலை விட்டு, ஒரு குளிர்காலத்தைக் கடுங்குளிரில் கழித்து, அடுத்த வசந்தத்தில்தான் மொட்டு வைக்கும். கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருந்தாலும், பெங்களூரின் டிசம்பர், ஜனவரி இரவுகள் சராசரியாக 15, 16 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. 1884 ஜனவரியில் 7.8 டிகிரி வரை இறங்கியதாகப் பதிவு உண்டு. அது வெள்ளைக்காரன் காலத்துக் குளிர். அந்தக் குளிர் தொடர்ந்து கிடைக்கும் இடம் ஊட்டி. ஆகையால் இரண்டாண்டு வகையின் விதையை இங்கே போட்டால் கீரைப் பாத்தி போலப் பச்சையாக நிற்கும், பூக்காது. ஏப்ரல் வெயிலில் கருகும். விதைப் பொட்டலத்தின் முகப்பில் உள்ள வண்ணப் படத்தைப் பார்த்து மயங்காமல், பின்பக்கத்தைப் படித்து வாங்க வேண்டும். குளிர் கேட்காமல், விதைத்து ஐந்து மாத அளவில் பூக்கும் ஓராண்டு வகைகள் உள்ளன. பெங்களூருக்கு ஏற்றவை அவைதான்.

காலம் முக்கியம். இங்கே மழை கொட்டுவது செப்டம்பரிலும் அக்டோபரிலும். ஆகஸ்ட் கடைசியில் அகலமான தட்டில், மணல் கலந்த செம்மண்ணில் விதையைத் தூவி, கால் அங்குலத்துக்கு மேல் மூடாமல், மழை நேராக விழாத இடத்தில் வைத்தால் இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். நான்கைந்து இலை வந்ததும், ஆணிவேர் அறுபடாமல் எடுத்து, அக்டோபர் கடைசியில் ஓர் அடிக்கு ஒன்றாக நட வேண்டும். தொட்டி என்றால் எட்டு அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி. அரையடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். காலை வெயில் ஐந்து மணி நேரமாவது வேண்டும். ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரியிலும் பூ.

மண்தான் இதற்கு உயிர். பெங்களூரின் செம்மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை கொண்டது. கடுகுக் குடும்பத்தைப் பிடிக்கும் வேர்முடிச்சு நோய்க்கு அந்தப் புளிப்பு கொண்டாட்டம். சுண்ணாம்பு சேர்த்தால் இரண்டு குறையும் தீரும். கடைக்கு ஓட வேண்டாம். பசவனகுடியிலும் சிக்பேட்டையிலும் அல்சூரிலும் பழைய சுண்ணாம்புக் காரை வீடுகள் வாரம் ஒன்றாக இடிபடுகின்றன. அந்தக் காரையை இரண்டு கைப்பிடி இடித்துத் தொட்டி மண்ணில் கலந்தால் போதும். சிமெண்டுப் பூச்சு உதவாது, காரையாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் இடிந்த மதில் கொடுத்ததை இங்கே இடிகிற வீடு கொடுத்துவிட்டுப் போகட்டும். சாணி எருவை அளவாகப் போட வேண்டும். அதிகம் போட்டால் இலைதான் மிஞ்சும்.

தண்ணீர்? விரலை மண்ணுக்குள் ஒரு கணு அளவு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றலாம். குளிர்காலத்தில் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்படாது. அரிசி களைந்த நீர், பருப்பு கழுவிய நீர், காய்கறி அலசிய நீர் ஆகியவை ஒரு குடும்பத்தின் பத்துத் தொட்டிக்குத் தாராளம். சோப்பு நீர் கூடாது. வடிகட்டும் இயந்திரம் வெளியேற்றும் நீரில் உப்பு அதிகம். மழைநீரோடு கலக்காமல் அதையே ஊற்றிக் கொண்டிருந்தால் மண் வெளுத்துப் போகும். குழாயைத் திறந்து ரப்பர் குழாயை மாட்டுகிற வேலையே இதற்கு இல்லை. வாரியத்தின் அதிகாரி வந்தாலும் பயப்படத் தேவையில்லை.

பூச்சி என்று பார்த்தால் முட்டைக்கோசுக்கு வருபவை எல்லாம் இதற்கும் வரும். அசுவினிக்கு, லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் துளி சோப்பும் கலந்து தெளித்தால் அடங்கும். வைரமுதுகு அந்துப்பூச்சிக்கு, பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் முட்டைக்கோசு விவசாயிகளுக்குச் சொன்ன வழி ஒன்று உண்டு. 25 வரிசை முட்டைக்கோசுக்கு இரண்டு வரிசை கடுகு விதைத்தால் பூச்சி கடுகைத் தேடிப் போய்விடும். வீட்டிலே அதையே சிறிய அளவில் செய்யலாம். சமையலறைக் கடுகு ஒரு சிட்டிகை, பக்கத்துத் தொட்டியில். செடியின் எல்லாப் பாகமும், முக்கியமாக விதை, இதயத்தைப் பாதிக்கும் நச்சு கொண்டது. குழந்தைகளும் ஆடுமாடுகளும் வாயில் வைக்காமல் பார்த்துக் கொள்ள வேண்டும். தொடுத்துத் தலையில் வைக்கும் பூவும் அல்ல, ஜாடிப் பூ.

கனகாம்பரமும் மல்லிகையும் இருக்க இந்தச் சீமைப் பூ எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மாலைக்கும் மணப்பந்தலுக்கும் பயன்படும் செண்டுமல்லி மெக்சிகோவிலிருந்து வந்தது. சாமந்தி சீனத்துச் சரக்கு. உருளைக்கிழங்கும் தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களின் வரவு. வந்த செடியை மண்ணுக்குப் பழக்குகிற கைகள் இங்கே இருந்தன என்பதே பெங்களூரின் பெருமை. அந்தக் கைகளில் பல தமிழ்க் கைகள் என்பதை இந்த ஊர்த் தமிழர்களே மறந்துவிட்டார்கள்.

1760-ல் ஹைதர் அலி லால்பாக்கைத் தொடங்கினார். தோட்ட வேலையில் கைதேர்ந்த திகளர் சமூகத்தார் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள் என்பது மரபு. தர்மராயசுவாமி கோயிலின் கரகத்தை இன்றும் சுமப்பவர்கள் அவர்கள்தாம். சம்பங்கி ஏரியின் ஓரத்தில் காய்கறியும் பூவும் விளைவித்தார்கள். அந்த ஏரி இன்று கண்டீரவா விளையாட்டரங்கம். கரகச் சடங்குக்காக ஒரு சிறு குளம் மட்டும் மிச்சம். 1809-ல் கண்டோன்மெண்ட் வந்த பிறகு, துரைமார் பங்களாக்களில் சீமை விதைகளை முளைக்க வைத்த தோட்டக்காரர்களில் அல்சூரிலிருந்தும் அதைச் சுற்றியிருந்த பேட்டைகளிலிருந்தும் போன தமிழர்கள் நிறைய. 1908-ல் வந்த ஜெர்மானியர் கிரம்பீகலின் பெயர் லால்பாக்கை ஒட்டிய ஒரு சாலைக்கு உண்டு. அவருடைய திட்டத்தை மண்ணில் நட்டவர்களின் பெயர் எந்தச் சந்துக்கும் கிடையாது.

இப்போது அடுக்கு மாடிக் குடியிருப்புகளில் தோட்ட வேலை காண்டிராக்டுக்குப் போய்விட்டது. காலையில் வருகிற ஆள் ரப்பர் குழாயால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் நீர் அடித்துவிட்டுப் போகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை; அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை அது, கூலியும் அதற்குத்தான். எந்தச் செடிக்கு எவ்வளவு என்று தெரிந்த முதியவர் யாராவது பக்கத்துத் தெருவிலேயே இருப்பார். அவரிடம் கேட்பதற்கு நேரம் இல்லாதவர்கள், வாடிய செடியைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுத் தொட்டி வாங்க மட்டும் நேரம் வைத்திருக்கிறார்கள்.

லால்பாக் மலர்க் கண்காட்சியும் இந்தப் பழக்கத்துக்குத் தூபம் போடுகிறது என்று சொல்லத்தான் வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, குடியரசு நாளுக்கும் சுதந்திர நாளுக்கும், 1889-ல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகையில், பறித்த பூக்களால் கட்டடங்களும் சிலைகளும் எழுப்புகிறார்கள். லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள், படம் எடுத்துக் கொள்கிறார்கள், பூத்த தொட்டி ஒன்றை வாங்கிப் போகிறார்கள். பூத்து முடிந்ததும் அது குப்பை. வேடிக்கை பார்ப்பது தவறல்ல. ஆனால் ஆகஸ்ட் கண்காட்சி நடக்கும் நாட்கள், குளிர்காலப் பூக்களை விதைப்பதற்குச் சரியான நாட்கள். இதைத் தோட்டக்கலைத் துறை அறியாததா? பூத்த தொட்டியை விற்கும் கடைகளுக்குப் பக்கத்தில், ஓராண்டு வகைச் சுவர்ப்பூ விதையையும், முளைத்த நாற்றையும், எப்போது எவ்வளவு நீர் என்று கன்னடத்திலும் தமிழிலும் அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டையும் கொடுப்பதற்கு என்ன செலவாகிவிடும்? 1965-லேயே இந்தோ-அமெரிக்கன் ஹைப்ரிட் சீட்ஸ் போன்ற விதை நிறுவனம் தோன்றிய ஊர் இது. விதைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது.

நாற்று விற்கும் அந்த இடத்தில் லால்பாக்கின் ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளர்கள் நான்கு பேரை, உரிய சம்பளம் கொடுத்து உட்கார வைக்கலாம். நாற்றை எப்படிப் பெயர்ப்பது, காரையை எவ்வளவு கலப்பது என்று வந்தவர்களுக்கு அவர்கள் கையால் செய்து காட்டட்டும். ஆகஸ்டில் நாற்று வாங்கிப் போனவர்கள் பிப்ரவரியில் தொட்டியோடு திரும்பி வரலாம் என்றும், குறைந்த நீரில் வளர்த்தவருக்குப் பரிசு என்றும் அப்போதே அறிவித்துவிட்டால், குடிநீர் வாரியத்துக்கு அபராதச் சீட்டு எழுதும் வேலையும் கொஞ்சம் மிச்சமாகும்.