அயலகத்தில் தாயகச் சுவை

மனிதன் பிறந்த ஊரை விட்டு நீங்கலாம். இளமையில் உண்ட உணவின் சுவை அவனை விட்டு நீங்குவதில்லை. அயல்நாட்டில் வாழ்வோர் கிடைத்த பொருள்களைக் கொண்டு அச்சுவையை மீண்டும் ஆக்க முயல்வது இயல்பு. அவ்வாறு ஆக்கிய உணவைப் ‘போலி’ என்று இகழ்வாரும் உளர். அவர் கூற்றுப் பொருந்துமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கோவாவின் ரொட்டி இதற்கு நல்ல சான்றாகும். போர்ச்சுக்கீசியர் 1510-ஆம் ஆண்டில் கோவாவைக் கைப்பற்றினர். அவர்கள் ரொட்டி உண்டு வளர்ந்தவர்கள். கோவாவோ சோறு உண்ணும் நாடு. ரொட்டி மாவு எழுவதற்கு ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் வேண்டும். அது சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிடும். அவ்வாயுவே மாவை உப்பச் செய்யும். தென்னங்கள்ளிலும் ஈஸ்ட் இயல்பாக வளர்கின்றது. ஆதலின் கோவாவில் ரொட்டி சுட்டவர்கள் கள்ளைக் கலந்து மாவைப் புளிக்கவைத்தனர். 1961-இல் போர்ச்சுக்கீசியர் ஆட்சி நீங்கியது, ரொட்டி நீங்கவில்லை. இன்று பலர் கடையில் விற்கும் ஈஸ்ட்டையே பயன்படுத்துகின்றனர். பழைய கள்ளின் மணம் இல்லையே என வருந்துவோரும் உளர். மாற்றாக வந்த பொருளே மரபாகிவிட்டது அன்றோ!

இட்லியின் செய்தியும் இத்தகையதே. தமிழ்நாட்டு வெப்பத்தில் இரவில் அரைத்து வைத்த மாவு காலையில் பொங்கி நிற்கும். கனடா போன்ற குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் அது எளிதில் பொங்குவதில்லை. அங்கு வாழும் தமிழர் பலர், ரொட்டி சுடும் மின்னடுப்பைச் சூடாக்காமல், அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைக்கின்றனர். விளக்கின் இளஞ்சூட்டில் மாவு புளிக்கின்றது. மாவுக்கு வேண்டுவது வெப்பமே. பிறந்த ஊர் அன்று.

எனினும், எந்த மாற்றும் தகும் என்று கொள்ளுதல் தவறு. சமையல் சோடாவைக் கலந்தாலும் இட்லி உப்பும். ஆனால், உரிய புளிப்பும் மணமும் வாரா. சோடா தருவது வாயு ஒன்றே; புளிப்பைத் தருவன நுண்ணுயிர்கள். ஒரு பொருள் உணவில் என்ன தொழில் செய்கின்றது என்பதை அறிந்தவரே தக்க மாற்றைக் காண்பர். அதனை அறியாதார், பழகிய பொருள் கிடைக்காதபோது அவ்வுணவையே கைவிடுவர். அவர் வீட்டில் பிறக்கும் குழந்தைக்குப் பாட்டியின் சமையல் கேள்விச் செய்தியாகவே நின்றுவிடும்.

மாற்றுப்பொருளால் ஆன உணவு தாயகச் சுவையை முழுமையாகத் தாராது என்பது உண்மை. ஆயினும், குறையுள்ள இட்லி வெறும் ஏக்கத்தினும் நன்று. உண்ண அமரும் பிள்ளை அதன் செய்முறையையும் காரணத்தையும் கற்கின்றது. மரபு அங்கே தொடர்கின்றது. ஆதலின், வீட்டில் மாவு அரைப்பதை மாணவர்கள் வேடிக்கை பார்ப்பதோடு நில்லாமல், ஏன், எவ்வாறு என்று கேட்டறிதல் வேண்டும். ஆண், பெண் இருபாலாரும் பெறவேண்டிய கல்வி அது. கடல் கடந்து செல்வோர்க்கு அக்கல்வி சுமையாவதில்லை. சென்ற இடமெல்லாம் உணவாகும்.