பாதை எல்லோருக்கும் தெரியட்டும்

எங்கேனும் நடந்து போய்ப் பார்க்க ஆசைப்பட்டால் எங்கள் வீடுகளில் முதலில் எழுவது கேள்விகள்தான். எவ்வளவு தூரம்? குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா? யானை வருமா? போனுக்குச் சிக்னல் இருக்குமா? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? உம்மாவும் வாப்பாவும் இப்படிக் கேட்பது நியாயம். ஆனால் நம்பத்தகுந்த பதில் இல்லாதபோது முடிவு ஒன்றுதான்: போக வேண்டாம். நானாமாரும் தம்பிமாரும் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். பணமுள்ளவர்கள் வழிகாட்டியை அமர்த்திக்கொள்வார்கள். பெண்பிள்ளைகளும் வசதி குறைந்தவர்களும் வீட்டிலேயே இருப்போம். எனவே காட்டுப் பாதை, குளக்கட்டு, கடற்கரை வழி பற்றிய சரியான தகவல் தமிழில், இலவசமாக, எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்கிறேன்.

பாதைத் தகவலின் பெறுமதியை வன்னிக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2009இல் யுத்தம் முடிந்து மீளக்குடியேறியவர்கள், விறகுக்கும் மாடு தேடியும் காட்டுக்குள் இறங்குமுன் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். மிதிவெடி எங்கே உண்டு என்பதை யாரும் காசுக்கு விற்கவில்லை. பலகையில் எழுதினார்கள், பாடசாலைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் உயிர்கள் தப்பின. அந்த நியாயம் மற்றப் பாதைகளுக்கும் பொருந்தாதா?

1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா பாவா ஆதம் மலையில் ஏறினார். மலைக்கு இரண்டு வழிகள் உண்டு, ஒன்று இலகுவானது, மற்றது கடினமானது, பிடித்து ஏற இரும்புச் சங்கிலிகள் இருக்கின்றன என்றெல்லாம் அவரது பயண நூல் சொல்கிறது. பின்னால் வருபவருக்கு வேண்டிய செய்தி இதுதானே! இன்று மலைநாட்டில் கண்டியிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பெக்கோ ட்ரெயிலை 22 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தூரத்தையும் கடினத்தையும் வரைபடத்துடன் தந்திருக்கிறார்கள். வன்னிக்கு அப்படியொரு கையேட்டை நான் இன்னும் காணவில்லை. 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளத்தில் எதற்கு அனுமதி வேண்டும்? இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் வான் பாயும்போது எந்த வழி நீரில் மூழ்கும்? கோடையில் எடுத்த வீடியோவை நம்பி மாரியில் போவது ஆபத்து.

எல்லோருக்கும் சொன்னால் கூட்டம் கூடும், பொலித்தீன் குவியும் என்பார்கள். பலகையே இல்லாத இடங்களிலும் பொலித்தீன் குவியத்தான் செய்கிறது. கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவாருங்கள், பறவைகள் கூடு கட்டும் காலத்தில் வராதீர்கள் என்பதும் தகவல்தான். வழிகாட்டிகளின் பிழைப்புப் போய்விடும் என்பார்கள். வழி தெரிந்தவர்களுக்கும் பறவையின் பெயரையும் ஊரின் கதையையும் சொல்ல ஆள் வேண்டும்.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரச நிறுவனங்களிடம் தகவல் கேட்டுப் பெறலாம். ஆனால் ஒரு குளக்கட்டில் நடப்பதற்கு விண்ணப்பம் எழுத வேண்டிய நிலை இருக்கக் கூடாது. பாதை தொடங்கும் இடத்தில் பிரதேச சபை மும்மொழியிலும் பலகை வைக்கட்டும். தூரம், தண்ணீர், ஆபத்து, பஸ் நேரம், அவசர தொலைபேசி இலக்கம், கடைசியாகச் சரிபார்த்த திகதி ஆகிய ஆறும் அதில் இருந்தால் போதும். அதையே ஒரு தாளில் அச்சிட்டு நூலகத்திலும் பாடசாலையிலும் வைக்கலாம்.

வழி தெரியாதவருக்கு வழி காட்டுவதும், பாதையில் கிடக்கும் கல்லையும் முள்ளையும் அகற்றுவதும் ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். தோழிகளே, உயர்தரத்தில் புவியியல் படிக்கும் நாம் வரைபடம் வரையக் கற்கிறோம். காட்டை அறிந்த மாடு மேய்ப்பவர்களும் மீனவர்களும் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, நமக்கு அருகிலுள்ள ஒரு குளக்கட்டின் தகவலை இந்த வருடமே எழுதி முடிப்போம். உம்மாவின் கேள்விகளுக்கு அந்தத் தாள் பதில் சொல்லட்டும்.